மக்கள் இயக்கமும் செய்திக் காப்பும்

மட்டக்களப்பு நகரை அடுத்து வாவிக் கரையில் அமைந்த பழம்பதி அமிர்தகழி. மாமாங்கேசுவரர் ஆலயமும் அதன் அருகிலுள்ள தீர்த்தக் குளமும் அவ்வூருக்குப் பெருமை அளிப்பன. ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று பிதிர்க்கடன் ஆற்றுதற்பொருட்டு எழுவான்கரை மக்களும் படுவான்கரை மக்களும் அங்கே வந்து கூடுவர். தந்தியும் தொலைபேசியும் தோன்றுமுன்னரே இத்தகைய கூட்டங்களில் ஓரூர்ச் செய்தி மற்றோரூர்க்குச் சென்று சேர்ந்தது. விளைவு எப்படி, மழை எப்படி, மணம் யாருக்கு, வழக்கு யாரோடு என்பனவெல்லாம் குளக்கரையிற் பேசப்பட்டன. பிற்காலத்தில் அதே ஆலய முன்றில் அரசியல் வரலாற்றிலும் இடம்பெற்றது. ஊர்மக்கள் ஒன்றுகூடி அரசை நோக்கித் தம் குறையைக் கூறும்போது, அவர்தம் செய்தி எவ்வழிச் செல்கின்றது, அதனை யார் காக்கின்றனர் என்ற வினாவை ஆராய்தற்கு இவ்வூர் பொருத்தமானதொரு களமாகும்.

நம் முன்னோர் செய்தி மறைத்தலையும் செய்தி அறிதலையும் நன்கு ஆராய்ந்தவர்கள். திருக்குறளில் ஒற்றாடல் என்னும் அதிகாரம் உண்டு. கௌடிலியரின் அருத்தசாத்திரம் ஒற்றர் வகைகளையும் மறைகுறிகளையும் விரித்துரைக்கின்றது. ஆயினும் இவை வேந்தன் பக்கம் நின்று எழுதப்பட்டவை. ஆளப்படுவோர் தம் செய்தியை எங்ஙனம் காப்பது என்பதற்குத் தனிநூல் எழுந்ததாகக் காணோம். அதனை நிகழ்ச்சிகளிலிருந்தே தொகுத்து அறிதல் வேண்டும்.

அவ்வாறு தொகுப்போர் முதலிற் செய்யவேண்டியது இரண்டு பொருள்களை வேறுபிரித்து நோக்குதலாம். ஓர் இயக்கத்தின் நோக்கம் ஒன்று. அவ்வியக்கத்துக்கு உதவும் எளிய மனிதரின் பாதுகாப்பு மற்றொன்று. முன்னையது ஊரறிய உரைக்கப்பட வேண்டுவது. பின்னையது பொறுப்புடன் மறைக்கப்பட வேண்டுவது. இவ்விரண்டும் தம்முள் மயங்கியவிடத்து இயக்கங்கள் இடருற்றன என்பதும், தெளிவுற வகுக்கப்பட்டவிடத்து நிலைபெற்றன என்பதும் வரலாற்றிற் காணக்கிடக்கின்றன.

வேதாரணியத்து வழிமரங்கள்

1930 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் காந்தியடிகள் அரசப்பிரதிநிதி இர்வின் பிரபுவுக்குக் கடிதம் எழுதி, உப்புச் சட்டத்தை மீறப்போவதை முன்கூட்டியே அறிவித்தார். போர் தொடுப்பவன் பகைவனுக்கு நாளுங் குறித்து அனுப்பிய புதுமை அது. தமிழ்நாட்டில் இராசகோபாலாச்சாரியார் அதே ஆண்டு ஏப்பிரல் 13 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்தை நோக்கிப் புறப்பட்டார். ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உடன் நடந்தனர். செல்லும் வழியும் சேரும் இடமும் யாவரும் அறிந்தவையாக இருந்தன.

தஞ்சை மாவட்டக் கலெக்டர் தோர்ன் என்பார் தொண்டரைத் தடுப்பதை விட்டு, அவருக்கு உதவும் ஊரவரை அச்சுறுத்தலானார். சோறும் இடமும் கொடுப்போர் சிறைப்படுவர் என்று அறிவித்தார். ஊரவர் செய்ததோ வியக்கத்தக்கது. உணவுப் பொட்டலங்கள் வழியோர மரக்கிளைகளிலே தொங்கின. உண்பவர் யார் என்பது அனைவர்க்கும் தெரியும். கட்டித் தொங்கவிட்டவர் யார் என்பது ஒருவர்க்கும் தெரியாது. எவர் பெயரும் ஏட்டில் எழுதப்படாமையின் அவர்களைப் பற்றிச் செல்லுதல் அரிதாயிற்று. வெளிப்படையான இயக்கமும் மறைவான உதவியும் ஒன்றுக்கொன்று முரணாவன அல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

எனினும் இவ்வெல்லையை எங்கே வகுப்பது என்பதில் இந்திய விடுதலை இயக்கத்துள்ளேயே கருத்து வேற்றுமை இருந்தது. 1942 ஆகஸ்டு 9 ஆம் நாள் விடியற்காலையிற் காங்கிரசுத் தலைவர்கள் சிறைபிடிக்கப்பட்ட பின்னர், பம்பாயிலே உஷா மேத்தா என்னும் இளம்பெண்ணும் அவருடைய தோழரும் மறைவான வானொலி ஒன்றை நடத்தினர். ஆகஸ்டு 27 ஆம் நாள் தொடங்கிய அவ்வொலிபரப்பு, பொலிசார் கண்ணிற் படாதவாறு இடம்மாறி இடம்மாறி, நவம்பர் 12 ஆம் நாள் அவர்கள் பிடிபடும்வரை நடந்தது. அறிந்த தொழில்வல்லார் ஒருவரே காட்டிக்கொடுத்தார் என உஷா மேத்தா பிற்காலத்திற் கூறினார். 1944 இல் விடுதலையான காந்தியடிகள் மறைமுகச் செயன்முறைகளை ஏற்கவில்லை. தலைமறைவாக இருந்தோரை வெளிப்படுமாறு அறிவுறுத்தினார். மறைவு அச்சத்தை வளர்க்கும். பொதுமக்களைப் புறத்தே நிறுத்திச் சிலரை மட்டும் அறிந்தோராக்கும் என்பது அவர் கொள்கையின் உட்கிடை. வானொலியை நடத்தியோர்க்கும் வலுவான நியாயம் உண்டு: தாள்களின் வாய் கட்டப்பட்டபோது உண்மையை உரைக்க வேறு வாயில் இருக்கவில்லை. இரு பக்கத்தாரும் கூறியவற்றை எடைபோட்டே பின்வரும் நிகழ்ச்சிகளை நோக்குதல் தகும்.

கச்சேரி வாயிலில் 1961

இலங்கையில் 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிற்று. 1961 சனவரி முதல் அதனை நாடெங்கும் நடைமுறைப்படுத்த அரசு முற்பட்டது. இதனை எதிர்த்து இலங்கைத் தமிழரசுக் கட்சியினர் 1961 பெப்ரவரி 20 ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிற் சத்தியாக்கிரகம் தொடங்கினர். பின்னர் அது மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா ஆகிய இடங்களுக்கும் பரவிற்று.

மட்டக்களப்புக் கச்சேரி அக்காலத்தில் இயங்கிய இடம் பழைய கோட்டையாகும். 1628 இற் போர்த்துக்கீசர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1795 இல் ஆங்கிலேயர் வசமான கோட்டை அது. மூன்று ஐரோப்பிய வல்லரசுகளின் ஆணைகள் பிறந்த அவ்விடத்தின் முன்னே, நாட்டு மக்கள் தம் மொழியில் தம் கருமம் நடைபெற வேண்டுமென்று அமர்ந்தனர். செ. இராசதுரை, சி. மூ. இராசமாணிக்கம் முதலிய பாராளுமன்ற உறுப்பினர் கிழக்கிலே முன்னின்றனர்.

நாள்தோறும் கச்சேரி வாயிலிலே ஆட்களை அமர்த்துதல் எளிய வேலை அன்று. இன்று எவ்வூரார் வருவர், நாளை எவ்வூரார் வருவர், வருவோர்க்கு நீரும் சோறும் எங்கிருந்து, வயலில் வேலை உள்ளவனுக்கு மாற்றாள் யார் என்பனவற்றையெல்லாம் ஒழுங்குசெய்தல் வேண்டும். ஊருக்கு ஊர் ஆசிரியர், கோயில் வண்ணக்கர், கடைக்காரர், வண்டிக்காரர் என்போர் வாய்மொழியாகச் செய்தி கொண்டுசென்றாலன்றி இது கைகூடாது. அரசியல் வரலாறு தலைவர் பெயர்களையே பொறித்து வைக்கின்றது. அத்தலைவரின் சொல்லை இறுதி வீட்டுத் திண்ணைவரை கொண்டுசென்றவர் பெயர்களோ பெரும்பாலும் பொறிக்கப்படுவதில்லை. அவ்வாறு பொறிக்கப்படாமையே பலர்க்குக் காவலாக அமைந்தது என்பதும் நினைவுகொள்ளத் தக்கது.

அவ்வாண்டு ஏப்பிரல் 14 ஆம் நாள் தந்தை செல்வநாயகம் அவர்கள் தமிழரசுத் தபாற் சேவையை யாழ்ப்பாணத்தில் தொடக்கிவைத்தார். தனி முத்திரைகளும் வெளியிடப்பட்டன. பலர் இதனை வெறும் அடையாளச் செயலெனக் கருதுவர். ஆழ்ந்து நோக்கின் அதிலொரு கூர்மை புலப்படும். அக்காலத்தில் தபாலும் தந்தியும் தொலைபேசியும் ஒரே அரச திணைக்களத்தின் கையில் இருந்தன. மக்கள் ஒருவரோடொருவர் பேசும் பாதை யாவும் அரசின் உடைமையாக இருக்குமிடத்து, அரசை எதிர்ப்போன் தன் சொல்லை எதன்வழி அனுப்புவான் என்ற கேள்வியை அம்முத்திரை எழுப்பிற்று.

மூன்று நாட்களில் விடை வந்தது. ஏப்பிரல் 17 ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. இராணுவம் சத்தியாக்கிரகிகளைக் கலைத்தது. தலைவர்கள் கைதாகிப் பனாகொடை இராணுவ முகாமில் மாதக்கணக்காகத் தடுத்துவைக்கப்பட்டனர். செய்தித் தணிக்கையும் நடைமுறைக்கு வந்தது. தலைவர் சிலரிடமே முடிவு அனைத்தும் தங்கியிருந்தமையால், அவர்கள் பிடிபட்டதும் இயக்கம் தளர்ந்தது. அரசு எந்த மறைபொருளையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. யாவரும் அறிந்த தலைவரை யாவரும் அறிந்த இடத்திலேயே பிடித்தது. இதனால் விளங்குவது யாது? செய்திக் காப்பு என்பது சொல்லை மறைப்பதோடு முடிவதன்று. சொல்பவன் இல்லாதபோதும் சொல் தொடர்ந்து செல்லுமாறு செய்தலும் அதன் பாற்படும்.

கம்பியும் காதும்

தொலைபேசி 1876 இல் தோன்றியது. தொடக்க காலத்தில் ஒருவர் மற்றொருவரோடு பேசவேண்டின் இணைப்பகத்தில் இருப்பவர் கம்பியைக் கையாற் பொருத்துதல் வேண்டும். பொருத்துபவர் விரும்பின் உரையாடலைக் கேட்கவும் கூடும். அமெரிக்காவிலே கன்சாஸ் நகரத்தில் ஈமக்கிரியைத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், இணைப்பாளர் தமக்கு வரும் அழைப்புகளைப் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகின்றார் என்று ஐயுற்றார். ஐயத்தின் விளைவாக, இடையில் ஆளில்லாது தானே இணைக்கும் பொறியை அமைத்து 1891 இல் உரிமை பெற்றார். தன்னியக்க இணைப்பகத்தின் வரலாறே நம்பிக்கையின்மையிற் பிறந்தது.

இலங்கையிலும் வெளியூர் அழைப்புகள் நெடுங்காலம் இணைப்பாளர் வழியே சென்றன. சிறு நகரமொன்றிலிருந்து கொழும்புக்கு அழைப்பு எடுத்தவர், தம் குரலை மூன்றாம் காதொன்று கேட்கக்கூடும் என்பதை அறிந்தே பேசினார். ஆகவே தொலைபேசியில் நலம் விசாரித்தார்; கருமத்தை நேரிலே பேசினார். பொறி தானே இணைக்கத் தொடங்கியதும் காது மறைந்ததென்று மக்கள் எண்ணினர். ஆனால் 1963 இல் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வகம் மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்க அந்நாட்டுச் சட்ட அமைச்சரே அனுமதி அளித்தார். அறவழியிற் பகிரங்கமாகப் போராடிய ஒருவருக்கு மறைக்க என்ன இருந்தது என்று வினவலாம். அவரிடமிருந்து அரசு திரட்டியவற்றுட் பெரும்பகுதி அரசியற் சதி அன்று, அவருடைய தனிவாழ்வே. அதனைக் கொண்டு அவரை இழிவுபடுத்த முயன்றனர். குற்றம் செய்யாதவனுக்கும் மறை உரிமை வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

குருந்தமர நிழலில் 1988

1987 சூலை 29 ஆம் நாள் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இந்தியப் படை வடகிழக்கிற்கு வந்தது. அக்டோபரில் அப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. மட்டக்களப்பின் தாய்மார் அன்னையர் முன்னணி என்ற பெயரில் திரண்டு, போரை நிறுத்துக, பேச்சுவார்த்தை நடத்துக என இரு கோரிக்கைகளை முன்வைத்தனர். 1988 பெப்ரவரியில் அன்னம்மா டேவிட் என்பவர் அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலய முன்றிலிற் குருந்தமர நிழலில் உண்ணாநோன்பு தொடங்கினார். இந்தியப் படையினர் அவரை அவ்விடத்தினின்றும் அகற்றினர். மார்ச் 19 ஆம் நாள் பூபதி கணபதிப்பிள்ளை அதே இடத்தில் நோன்பைத் தொடங்கி, ஏப்பிரல் 19 ஆம் நாள் உயிர்நீத்தார். அவர் பத்துப் பிள்ளைகளின் தாய்.

அக்கோரிக்கைகள் பற்றியும், அம்மரணத்தைப் பின்னர் பலர் பயன்படுத்திய வகை பற்றியும் வேறுபட்ட கருத்துகள் உள்ளன. ஈண்டு ஆராயப்படுவது அவர்கள் கைக்கொண்ட முறையே. தாய்மாரிடம் தொலைபேசியும் இல்லை, பத்திரிகையும் இல்லை. இருந்தது ஓர் ஆலய முன்றில். அங்கு வருவோரையும் போவோரையும் ஊர் முழுதும் கண்டது. மறைவிடத்தில் ஒருவரை இல்லாமற் செய்தல் எளிது. மக்கள் நடுவே அது நூறு கண்களின் முன்னர் நிகழவேண்டும். வெளிப்படையே அவர்களுக்குக் காவலாயிற்று. முதல்வர் அகற்றப்பட்டதும் இரண்டாமவர் அவ்விடத்தில் அமர்ந்தார். 1961 இல் இல்லாத தொடர்ச்சி இங்கே இருந்தது.

மற்றொன்றும் நோக்கற்பாலது. தாம் சொந்த விருப்பினாலேயே நோன்பிருப்பதாகவும், உணர்விழந்தாலும் கணவரோ பிள்ளைகளோ தம்மை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லலாகாது எனவும் பூபதி அம்மையார் முன்னரே எழுதிவைத்தார் என்பர். தாம் பேசமுடியாத நிலையை அடைந்தபின் தம் பெயரால் வேறொருவர் பேசாதிருக்க அவர் செய்த ஏற்பாடு அது. செய்தியைப் பிறர் அறியாது காப்பது ஒருவகை. பிறர் திரியாது காப்பது மற்றொரு வகை. எழுத்தறிந்தோர் பலர் மறக்கும் இரண்டாம் வகையை அத்தாய் மறக்கவில்லை.

அக்காலத்தின் கொடிய பக்கத்தையும் கூறாது விடுதல் முறையன்று. சுற்றிவளைப்புகளில் ஊரவரை வரிசையாக நிறுத்தி, முகமூடியிட்ட ஒருவன்முன் நடத்திச் செல்வர். அவன் தலையசைத்தால் அசைக்கப்பட்டவன் கதி அவ்வளவே. மக்கள் அவனைத் தலையாட்டி என்றழைத்தனர். மறுபுறத்தில், காட்டிக்கொடுப்போர் என்ற வெறும் ஐயத்தின்பேரில் ஆயுதமேந்தியோர் பலரைக் கொன்றனர். மறைவு மிகுந்தவிடத்து ஐயம் மிகுந்தது. ஐயம் மிகுந்தவிடத்து அயலவன் அயலவனோடு பேச அஞ்சினான். ஊர் இயக்கத்தின் உயிர்நாடி அப்பேச்சேயாதலின், இயக்கமும் அங்கே இறந்தது.

கையடக்கத் தொலைபேசியின் காலம்

இன்று ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி உண்டு. ஊர்ச் சங்கமொன்று கூட்டத்திற்கு அழைக்கவும், கடன்பட்ட பெண்கள் ஒன்றுசேரவும், காணி இழந்தோர் மனுவெழுதவும் அதுவே கருவி. வாட்ஸ்அப், சிக்னல் முதலிய செயலிகள் செய்தியை அனுப்புவோன் கருவியிலேயே மறையெழுத்தாக்கிப் பெறுவோன் கருவியிலேயே திறக்கின்றன. இடையிலுள்ள நிறுவனத்தாலும் அதனை வாசித்தல் இயலாது. வாட்ஸ்அப் இம்முறையை 2016 இல் யாவர்க்கும் உரியதாக்கிற்று. பழைய இணைப்பாளரின் காது இவ்வாறு அடைக்கப்பட்டது உண்மையே.

ஆயினும் வேறு காதுகள் திறந்தே உள்ளன. என்ன பேசினார் என்பது மறைந்தாலும், யார் யாரோடு எப்போது எத்துணை நேரம் பேசினார் என்பதன் சுவடு எங்கேனும் எஞ்சும். சிம் அட்டை தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு பதிவாகின்றது. பறிக்கப்பட்ட தொலைபேசி திறக்கப்படின் மறையெழுத்தால் யாதொரு பயனும் இல்லை. இருநூறு பேர் கொண்ட குழுவிலே இடப்படும் செய்தி, சந்தையிற் கூவிய சொல்லுக்கு ஒப்பானது. அவருள் ஒருவர் தலையாட்டியாயினும் போதும். பம்பாய் வானொலியைக் காட்டிக்கொடுத்தது கருவி அன்று, ஆளே என்பதை இங்கு மீண்டும் நினைத்தல் நன்று. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 முதல் வடகிழக்கிலே தொடர்ந்து போராடி வந்தனர். புலனாய்வினர் தம்மைத் தேடி வருவதையும் தொலைபேசியில் விசாரிப்பதையும் அவர்கள் முறையிட்டமை ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கைகளிலும் பதிவாகியுள்ளது. பெயர்ப் பட்டியல் ஒன்று தவறான கையிற் சேர்ந்தால் அதன் விலையைக் கொடுப்பவர் மேடையிற் பேசுபவரல்லர். பட்டியலின் அடியில் உள்ள ஏழைத் தாயே.

இனி, பொய்ச்செய்தியின் கேடு. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரின் முஸ்லிம் உணவகமொன்றில் மலட்டு மாத்திரை கலக்கப்படுகின்றதென்ற வதந்தி தொலைபேசி வழியே பரவ, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவிற் கண்டது மாக்கட்டியே என்பது பின்னர் ஆய்விற் புலனாயிற்று. மார்ச்சிற் கண்டிப் பகுதியிலும் வன்முறை எழ, அரசு சமூக ஊடகங்களைத் தடைசெய்தது. 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்பிரலில் மக்கள் எழுச்சியின்போதும் அவ்வூடகங்கள் மீண்டும் முடக்கப்பட்டன. தொலைபேசி ஒன்றையே நம்பியிருப்போர்க்கு அது மூடப்படும் நாளிற் சொல்லும் இல்லை, செவியும் இல்லை.

வரலாறு தரும் நெறி

மேற்கூறிய நிகழ்ச்சிகளை ஒருங்கு நோக்குங்கால் நான்கு நெறிகள் தோன்றுகின்றன. நோக்கத்தை மறைத்தலாகாது, கோரிக்கை யாவரும் படிக்க எழுதப்படல் வேண்டும். உதவுவோர் பெயரைத் தேவையின்றித் திரட்டலாகாது. திரட்டாத பட்டியலை எவராலும் பறித்தல் இயலாது. செய்தி மெய்யோ என்பதை அனுப்பியவரின் குரலாலோ நேர்முகத்தாலோ தெளிந்த பின்னரே மற்றவர்க்கு உரைத்தல் வேண்டும். ஒரு வழி அடைபடின் மறுவழி இருத்தல் வேண்டும். ஒருவர் பிடிபடின் மற்றவர் கருமத்தை அறிந்திருத்தல் வேண்டும். தொலைபேசிக்கு வலிய திறவுசொல் இடுதல், காலம் கடந்த செய்திகளை அழித்தல், அறியாதாரைக் குழுவிற் சேர்க்காதிருத்தல் முதலிய சிறு பழக்கங்கள் இந்நெறிகளுக்குத் துணையாவன.

இவற்றுள் இறுதி நெறியே அரிதாகக் கைக்கொள்ளப்படுவது. தலைவர் தம்மிடமே செய்தி அனைத்தையும் வைத்துக்கொள்ள விரும்புவர். தொண்டரும் தலைவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவர். அந்நிலையில் எத்துணை வலிய மறையெழுத்தும் இயக்கத்தைக் காவாது. வேதாரணியத்து வழியிற் சோறு கட்டித் தொங்கவிட எவரும் ஆணையிட்டிலர். ஊரவர் தாமே கருமத்தை உணர்ந்திருந்தனர். ஆதலின் எவர் சிறைப்பட்டாலும் மறுநாளும் மரங்கள் வெறுமையாயில. தம் உரிமைகளை ஊர்நிலையிலேயே உரையாடி ஒழுங்குசெய்ய விரும்பும் இளைஞர், கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் அத்தகைய ஊரை ஆக்குதலிற் கருத்தூன்றுவாராக.